முந்தானையைப் பிடிக்க ஒரு ஆள்

ஜூன் 3, செவ்வாய்

எதிர்வீட்டு பெனாசிர் இன்று என் போனைப் பிடுங்கி இன்ஸ்டாவில் கணக்கு திறந்து கொடுத்துவிட்டாள். அவள் நைட்டி விற்பவள். வீட்டை விட்டு இறங்காமல் மலேசியா வரைக்கும் அனுப்புகிறாள்.

"அக்கா, வாசல்ல போர்டு வெச்சா எதிர்வீட்டுக்காரி நான் மட்டுந்தான் பாப்பேன். இதுல போட்டா ஊரே பாக்கும்" என்றாள்.

நான் செய்வது புடவை மடிப்பு வேலை. விசேஷத்துக்குப் போகிறவர்கள் புடவையைக் கொடுத்தால், அவர்கள் உயரத்துக்கும் இடுப்புக்கும் தகுந்தபடி கொசுவமும் முந்தானையும் எடுத்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டிப் பெட்டியில் வைத்துத் தருவேன். வாங்கிப்போய் இரண்டு நிமிடத்தில் சுற்றிக்கொள்ளலாம். வடவள்ளியில் என்னை விட்டால் இந்த மடிப்புக்கு ஆள் இல்லை. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வது?

கணக்குக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டாள். 'வசந்தமணி' என்று என் பெயரைத்தான் சொல்ல வாயெடுத்தேன். 'தாரிணி' என்று வந்துவிட்டது.

"யாருக்கா தாரிணி?"

"ராசியான பேரு. போடு."

ராசியும் மண்ணாங்கட்டியும். என் மகள் பெயர். பெனாசிர் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, அவளுக்குத் தெரியாது. மகள் போய் மூன்று வருடம் ஆகிறது. புனேயில் வேலை என்று கடைசியாகக் கேள்வி. நம்பரை மாற்றிவிட்டாள். இவர், அவள் அப்பா, கோபக்காரர். இந்த வாசப்படி ஏறக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுத வேண்டுமாம். மற்றவர்கள் எழுதியிருப்பதைப் பார்த்து நானும் எழுதினேன்: 'கூரியர் மட்டும். நேரில் வர வேண்டாம்.' கண்டவனும் வந்து பெல் அடிக்க மாட்டான் பாருங்கள், அதற்காக.

கணக்கு திறந்தது வியாபாரத்துக்காக. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 4, புதன்

பின்தொடர்பவர்கள் மூன்று பேர். பெனாசிர், பெனாசிரின் நாத்தனார், ஒரு டைல்ஸ் கடை.

தேடும் இடத்தில் 'தாரிணி' என்று அடித்துப் பார்த்தேன். சும்மாதான். அடேயப்பா, ஊரில் இத்தனை தாரிணிகளா! நான் பெயர் வைத்த காலத்தில் எங்கள் தெருவிலேயே வேறு யாருக்கும் கிடையாது. பட்டியலில் இறங்கிக்கொண்டே போனேன். சாம்பாரில் தண்ணீர் வற்றி அடிப்பிடித்துவிட்டது. இவர் கருகினதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பெனாசிர் பிரியாணித் தூக்குடன் வந்தாள். தூக்கை வைத்த கையோடு ஸ்டோரி போடக் கற்றுக்கொடுத்தாள். போட்டது ஒரு நாள்தான் இருக்குமாம். ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்று அடியில் காட்டுமாம்.

"யார் பாத்தாங்கன்னு நமக்குத் தெரியுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"தெரியும்க்கா. அவங்க பேரோட காட்டும்."

அரக்கு பார்டர் போட்ட ஒரு மைசூர் சில்க்கை மடித்துப் படம் போட்டேன். ஒன்பது பேர் பார்த்தார்கள். எல்லோருக்கும் முதலில் பார்த்தது ஒரு முகமில்லாத ஆள். படம் இல்லை, பெயர் இல்லை, வெறும் எண்கள். நான் போட்ட இரண்டாவது நிமிடத்தில் பார்த்திருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் அந்த எண்தான் முதலில்.

ஜூன் 12, வியாழன்

ஆறு நாளாக விடாமல் பார்க்கிறது அந்த எண். காலையில் போட்டாலும் மத்தியானம் போட்டாலும் முதல் ஆள். ஆனால் ஒரு லைக் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. முகத்தை மறைத்துக்கொண்டு வந்து, பார்த்துவிட்டு, பேசாமல் போகிறது. இப்படிப்பட்ட வீம்பு யாருக்கு உண்டு என்று எனக்குத் தெரியாதா? பெற்றவளுக்குத் தெரியாதா?

கத்திரிக்காய்க் குழம்பைப் படம் எடுத்து ஸ்டோரி போட்டேன். அவளுக்குப் பிடிக்கும். இரண்டே நிமிடம். பார்த்துவிட்டாள்.

பெனாசிர் ஓடி வந்தாள். "அக்கா, பிசினஸ் அக்கவுண்ட்ல குழம்பு எதுக்குக்கா?"

"குழம்பு நல்லா வந்துச்சு, போட்டேன்."

"நாளைக்கு ரசம் போடுவீங்களாட்ட இருக்குது!"

ஜூன் 15, ஞாயிறு

ரசம் போட்டேன்.

பால்கனியில் சங்குப்பூக் கொடி போட்டேன். அவள் உட்கார்ந்து படிக்கும் பிரம்பு நாற்காலியைப் போட்டேன். கீழ்வீட்டுப் பூனை இன்னும் அதே இடத்தில் வந்து படுக்கிறது, அதையும் போட்டேன். நடுநடுவே மானம் போகாமல் இருக்க இரண்டு புடவை.

புடவை மடிக்க எதிர்முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். விறைப்பாகப் பிடித்தால்தான் மடிப்பு நேராக வரும். இப்போது ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டு மாட்டிக்கொள்கிறேன். பாதி மடிப்பில் கழன்று விழுகிறது. முன்பு அவள்தான் பிடிப்பாள். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் முந்தானை. திட்டினால் இன்னும் இழுத்துப் பிடிப்பாள், நான் ஓரடி முன்னால் போய் விழுவேன். சிரிப்பாள் கழுதை.

அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. எழுதியாகிவிட்டது. இனி இந்த நோட்டை எங்கே ஒளித்து வைப்பது?

ஜூன் 19, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் இரண்டரை மணி. சமையலறையில் நின்றபடி குரல் கொடுத்து ஒரு ஸ்டோரி போட்டேன். 'பட்டுக்கு நீராவி மட்டுந்தான் காட்டணும், இஸ்திரிப் பெட்டியை நேரா வெக்கக் கூடாது' என்று. போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பினால், பால்கனியிலிருந்து என் குரலே கேட்கிறது. "பட்டுக்கு நீராவி மட்டுந்தான்…" முடிந்தது. மறுபடியும், "பட்டுக்கு நீராவி மட்டுந்தான்…"

ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். இவர் துணிக் கொடிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று, போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை லுங்கி மடிப்பில் செருகப் பார்த்தார்.

"ஏனுங்க, குடுங்க அதை."

கொடுத்தார். பார்த்தேன். படம் இல்லை, பெயர் இல்லை, வெறும் எண்கள்.

"நீங்களா?"

"டீக்கடையில ஒருத்தர் போட்டுக் குடுத்தாரு. பேரு போடத் தெரியல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அப்ப கத்திரிக்காய்க் குழம்பை உங்களுக்கா போட்டேன்? நீங்கதான் அதைத் தட்டுல போட்டுத் தின்னுட்டு இருந்தீங்களே!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. இரண்டு வாரமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷனிடம்.

"நான் குழம்பைப் பாக்கலம்மிணி" என்றார். "உன்னைய யார் யார் புதுசாப் பின்தொடர்றாங்கன்னு பாக்கறேன். நூத்திப் பத்தொம்பது பேரு. ஒண்ணொண்ணாத் தொறந்து பாத்துட்டேன். பாப்பா இல்ல."

"வர வேண்டாம்னு சொன்னவருக்கு இப்ப எதுக்குத் தேடல்?"

அவர் என்னையே பார்த்தார். "நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகக் கேட்டார்.

ஜூன் 20, வெள்ளி

சொன்னது நான்தான்.

உப்புச்சர்க்கரை மாற்றிச் சம்பந்தம் உறுதியாகி, மண்டபம் பேசி, பத்திரிகை அச்சாகி வந்த நாள். பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்று, "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா" என்றாள். உப்புச்சர்க்கரை மாற்றின பிறகு எங்கள் பக்கம் யாரும் பின்வாங்குவதில்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் முகத்தில் எப்படி முழிப்பது என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. ஏன் வேண்டாம் என்று நான் கேட்கவே இல்லை. "அப்ப எனக்கு மகளும் வேண்டாம். போனா இந்த வாசப்படி ஏறாதே" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

அப்புறம் கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொன்னதாகவே சொல்லிவிட்டேன். அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்போல. இந்த நோட்டில்கூட முதல் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இவர் வந்து முந்தானையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். மில்லில் முப்பது வருடம் நூல் பார்த்த மனுஷன், ஒரு முந்தானையை விறைப்பாகப் பிடிக்கத் தெரியவில்லை. தூளி மாதிரித் தொங்கவிடுகிறார். நான்கு தடவை திட்டினேன். ஆனாலும் ஜன்னல் கம்பிக்கு இவர் மேல்.

ஜூன் 24, செவ்வாய்

பெனாசிர் சொன்னாள் என்று, மடித்த புடவையை ஒரு நிமிடத்தில் கட்டுவது எப்படி என்று வீடியோ எடுத்தேன். போனை அஞ்சறைப் பெட்டிமேல் சாய்த்து, என் முகம் எனக்கே தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் வந்தது. போட்டுவிட்டுக் கடைக்குப் போய்வருவதற்குள் நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

எதற்கு என்று பார்த்தால், திட்டுவதற்கு! 'முந்தானை வலது தோளில் கிடக்குது, அம்மாவுக்கே புடவை கட்டத் தெரியல, இதுல கடை வேற.' 'சகுனமே சரியில்ல.' முப்பத்தைந்து வருடமாகப் புடவை கட்டுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? கொதித்துப்போய் பெனாசிரிடம் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நம்ம முகம் தெரியற பக்கத்துல எடுத்தா இடம் வலமா மாறிடும்க்கா. கண்ணாடியாட்ட. வேற எடுத்துக்கலாம், இதை அழிச்சிரட்டுமா?"

"இரு" என்று வாங்கி இன்னொரு தடவை பார்த்தேன். வலது தோளில் முந்தானை. இடது கை கொசுவம் எடுக்கிறது. நானில்லை அது. தாரிணி. அவள் இடது கைக்காரி. தானாகக் கட்டினால் முந்தானையை வலது தோளில்தான் போட்டுக்கொள்வாள். எத்தனை தடவை அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டிருப்பேன்! "இப்படித்தாம்மா எனக்குக் கை வருது" என்பாள். "ஊர் சிரிக்கும்" என்பேன்.

ஊர் சிரிக்கட்டும். அழிக்க வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

புது ஆர்டர். முகத்துக்குப் பதிலாக ஒரு டீ டம்ளர் படம். வந்த செய்தியை அப்படியே எழுதிவைக்கிறேன்:

'ஒரு பட்டுப்புடவை மடிச்சுத் தரணும். உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம். முந்தானை வலது தோளுக்கு. உங்க வீடியோல இருக்கற மாதிரி. கூரியர்ல அனுப்பறேன்.'

'வலது தோளுக்கா? குஜராத்திக் கட்டா?' என்று கேட்டேன்.

'இல்ல. சாதாரணக் கட்டுதான். எனக்கு இடது கை.'

அரை மணி நேரம் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊரில் எத்தனையோ இடது கைக்காரிகள் இருப்பார்கள். அஞ்சடி ரெண்டும் நிறையப் பேர். 'நீயா?' என்று அடித்தேன், அழித்தேன். அவளாக இல்லாவிட்டால்? ஒருமுறை ஏமாந்தது போதாதா? அவளாகவே இருந்து, கேட்டதும் ஓடிவிட்டால்?

'அனுப்பவும்' என்று மட்டும் அடித்தேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

பதினொரு மணிக்குப் பார்சல் வந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்துப் பிரித்தேன்.

அரக்குப் பட்டு, பச்சைக் கரை. முந்தானையின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பாயசக் கறை. உப்புச்சர்க்கரை அன்றைக்கு அவள் இதில் பாயசம் சிந்தியதும் நான்தான் பவுடர் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. இன்னும் அப்படியே இருக்கிறது. தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"ஏனுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இவர் பாதி சவரத்தோடு ஓடி வந்தார். புடவையைப் பார்த்தார். நுரை ஒட்டிய கையால் தொடாமல், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பார்சல் உறையை எடுத்து அனுப்பியவர் முகவரியைப் படித்தார்.

"சரவணம்பட்டி" என்றார்.

புனே இல்லை. சரவணம்பட்டி. காந்திபுரத்தில் ஒரு பஸ் மாறினால் போதும்.

"இங்கிருக்கற சரவணம்பட்டியில இருந்து எவளாவது கூரியர் போடுவாளா? அத்தனை வீம்பா அவளுக்கு?" என்று கத்தினேன்.

"நீதானே அம்மிணி எழுதி வெச்சிருக்கே, நேர்ல வர வேண்டாம்னு" என்றார்.

போனை எடுத்து அந்த வரியை நானே படித்தேன். அவள் அந்தக் கணக்கைத் திறந்திருப்பாள். மேலே தன் பெயரைப் பார்த்திருப்பாள். அதற்குக் கீழே அந்த வரியைப் படித்திருப்பாள். ஒரே வார்த்தையை இரண்டாவது தடவை சொல்லியிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் வேலையாக அந்த வரியை எடுத்தேன். எப்படி எடுப்பது என்று தெரியாமல் தடுமாறி, பெனாசிரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தானும் கொஞ்சம் அழுதுவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு புடவை. நீராவி காட்டி, இடமிருந்து வலமாகப் போகும் மடிப்பையெல்லாம் மாற்றி எடுத்தேன். கை பழக்கத்தில் இரண்டு முறை பழைய பக்கமே திரும்பியது. பிரித்து மறுபடி எடுத்தேன். இவர் எதிர்முனையைப் பிடித்தார். இன்றைக்குத் தொங்கவிடவில்லை. கறை உள்மடிப்பில் போய் ஒளியும்படி வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாம், தெரியட்டும் என்று வைத்தேன்.

சாயங்காலம் டீ டம்ளருக்குச் செய்தி அனுப்பினேன்: 'புடவை ரெடி. கூரியரில் அனுப்புவதில்லை. நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வரவும்.'

ஜூலை 2, புதன்

பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூலை 3, வியாழன்

காலை எட்டு மணிக்கு வந்தது. இரண்டே வார்த்தை.

'படி ஏறலாமா?'

இவரிடம் போனைக் காட்டினேன். "நீங்க அடிங்களேன்" என்றேன். "சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடித்தேன். 'நான் சொன்னது தப்பு கண்ணு.' இந்த நாலு வார்த்தைக்கு எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அந்தப் பக்கம் எழுதுகிறாள் என்று புள்ளிகள் ஓடின, நின்றன, ஓடின. கடைசியில் வந்தது: 'ஞாயித்துக்கிழமை.'

ஜூலை 6, ஞாயிறு

விடியும் முன்பே எழுந்துவிட்டேன். கத்திரிக்காயை இவர்தான் போய் வாங்கி வந்தார், காம்பு பச்சையாகப் பார்த்துப் பார்த்து. என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று மனசுக்குள் மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

பத்து மணிக்குள் வந்துவிடுவாள் என்று பார்த்தால் வரவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பெனாசிரின் நாத்தனார் புடவையை எடுத்துக் கம்பியில் மாட்டி மடிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது மடிப்பில் கிளிப் கழன்று முந்தானை விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால், திறந்த கதவுக்கு வெளியே, மிதியடிக்கும் அந்தப் பக்கம், கையில் ஹெல்மெட்டோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது எனக்குத் தெரியாத கண்ணாடி. கீழே படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

சொல்லிப் பார்த்து வைத்தது ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அங்கயே நின்னுட்டு என்ன பாக்கறே? உள்ள வந்து இந்த முந்தானையைப் பிடி" என்றேன்.

ஹெல்மெட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து பிடித்தாள். இடது கையால். எவ்வளவு விறைப்பு வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவர் சமையலறைக் கதவில் கரண்டியோடு நின்று, "வந்துட்டியா பாப்பா, வந்துட்டியா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், கையை விடவில்லை. எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் ஓடுகிறது, எனக்கு மடிப்பே தெரியவில்லை. ஆனாலும் நேராகத்தான் வந்தது.

எட்டாவது மடிப்பில் கேட்டேன். "அந்தக் கல்யாணம் ஏன் கண்ணு வேண்டாம்னே?"

"சொல்றேம்மா" என்றாள். "இதை முடிச்சுட்டு எல்லாஞ் சொல்றேன். நீ மொதல்ல ஒழுங்கா மடி, கோணலாப் போகுது பாரு."

கோணலெல்லாம் இல்லை. வேண்டுமென்றே ஒரு இழு இழுத்தாள், நான் ஓரடி முன்னால் போய் அவள் மேலேயே விழுந்தேன்.

சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. குழம்பு ஆறியிருந்தது, மூன்று தடவை போட்டுக்கொண்டாள். இன்றைக்கு ஸ்டோரி எதுவும் போடவில்லை. பெனாசிர் திட்டுவாள், திட்டட்டும்.